‘அந்த நேரத்தில்’ அவர் என்ன நிலையில் இருந்தார்?

வாசகர் கேள்விகள் – மனநல மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் மறதிநோயைப் பற்றிய பதிலில், மூளை நோய் சிலரைக் காவல் நிலையம் வரை கொண்டுபோய் விடுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. தஞ்சை வட்டாரத்தில் நெடுங்காலமாக மனநல மருத்துவராக இருப்பதாலும், செஷன்ஸ் நீதிமன்றங்களில் மருத்துவ சாட்சியாகப் பலமுறை கூண்டேறியிருப்பதாலும், இவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவெல்லாம் உட்கார்ந்து பேரேட்டைச் சரிபார்ப்பார். இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார். அத்தை இறந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, சாப்பாடு எப்போது என்று கேட்டார். சில மாதங்களுக்கு முன் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் பித்தளைக் குத்துவிளக்கை எடுத்து, மறைக்கக்கூட இல்லாமல், கையில் பிடித்தபடி வெளியே நடந்துவிட்டார். வேறொரு கடையில் இரண்டாவது முறை நடந்தபோது புகார் கொடுத்துவிட்டார்கள். “சொல்லாமல் எடுப்பது தப்பில்லையா அப்பா?” என்று கேட்டால், “தப்புதான்” என்கிறார், முகத்தில் வருத்தமே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் முன்பகுதி சுருங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். இதைச் சட்டம் ஏற்குமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும் எந்த மருத்துவருக்கும் ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்ற நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். பெயரில் டிமென்ஷியா இருந்தாலும், இதில் தொடக்கத்தில் ஞாபகம் கெடுவதில்லை. கணக்குக்கூடச் சரியாகப் போடுவார்கள். நெற்றிக்குப் பின்னாலும் கன்னப்பொறிக்குப் பின்னாலும் உள்ள மூளைப் பகுதிகள் மெல்ல மெல்லத் தேய்வதால் கூச்சமும், பிறர் துன்பத்தைக் கண்டு நெகிழ்வதும், கை நீளும்போது ‘வேண்டாம்’ என்று உள்ளிருந்து வரும் தடையும்தான் முதலில் போகின்றன. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் வருவதால், குடும்பத்தார் இதை நோய் என்று நினைக்காமல் குணக்கேடு என்றே நினைத்துப் பல ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள், தங்களிடம் வந்த 2,397 பேரின் பதிவேடுகளைப் புரட்டி 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் நோயாளிகளில் சுமார் 8 சதவீதம் பேரிடம் சட்டத்தை மீறிய நடத்தை பதிவாகியிருந்தது. நடத்தையை மாற்றும் வகையிலான ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா உள்ளவர்களில் அது 37 சதவீதம். ஆயுள் முழுவதும் நேர்மையாக இருந்தவர் முதுமையின் வாசலில் முதல்முறையாகத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகிறார் என்றால், காவல் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே நரம்பியல் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. செயலைச் செய்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய இயலாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது என்பது அதன் சாரம். அறிய இயலாத நிலை என்ற இடத்தில்தான் உங்கள் அப்பா மாட்டிக்கொள்கிறார். அவருக்குத் தெரிகிறது, கேட்டால் தப்பு என்று சொல்லவும் செய்கிறார். அந்த அறிவு அவருடைய கையைப் பிடித்து நிறுத்துவதில்லை, அவ்வளவுதான். அறிவதற்கும் அறிந்தபடி நடப்பதற்கும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் உள்ளன என்பதும், முதலாவது குலையாமல் இரண்டாவது மட்டும் குலைய முடியும் என்பதும் குற்றப் பொறுப்பைப் பற்றி நரம்பியல் நமக்குத் தந்திருக்கும் மிக உறுதியான செய்தி. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 20-ஆவது பிரிவில், செயலின் தவற்றை உணரும் திறனோடு, அந்த உணர்வின்படி நடக்கும் திறனையும் சேர்த்தே கேட்கிறது. நம்முடைய சட்டம் முதலாவதை மட்டும் கேட்கிறது. 1860-இல் எழுதிய சொற்களை 2023-இல் புதிய சட்டம் இயற்றியபோதாவது திருத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்காக வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். திருட்டு என்று சொல்வதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். குத்துவிளக்கைப் பட்டப்பகலில் கையில் ஏந்தியபடி நடந்துபோனவரிடம் அந்த எண்ணம் இருந்ததா என்று உங்கள் வழக்கறிஞர் கேட்கலாம். பொருளைப் பறிகொடுத்தவர் இசைந்தால் சமரசம் செய்துகொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. நரம்பியல் மருத்துவரின் அறிக்கையோடு கடைக்காரர்களை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் தெருவில் அவர் வழக்கமாகப் போகும் கடைகளில் சொல்லி வையுங்கள். எடுத்த பொருளுக்கு மாலையில் நீங்கள் பணம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு செய்யுங்கள். வங்கிக் கணக்கையும் பத்திரங்களையும் இப்போதே கவனித்துக்கொள்வது மிக முக்கியம், ஏனென்றால் இந்த நோயில் எடுப்பதைப் போலவே அள்ளிக் கொடுப்பதும் நடக்கும்.

கேள்வி: நான் வழக்கறிஞர் தொழிலுக்குப் புதிது. அண்ணன் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று நம்பி அவரை வெட்டிக் கொன்ற விவசாயத் தொழிலாளி ஒருவருக்காக ஆஜராகிறேன். மனச்சிதைவு நோய் என்று சிறை மருத்துவர் சொல்கிறார். எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் எடுக்க உத்தரவு கேட்டு மனுப் போடலாமா? மூளைப் படத்தைக் காட்டினால் நீதிபதி ஏற்பாரா? – வாசகி, மன்னார்குடி

பதில்: மனுப் போடுவதில் தவறில்லை அம்மா, கட்டி, பழைய காயம், வலிப்பு போன்ற வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய ஸ்கேன் வேண்டும்தான். ஆனால் மனச்சிதைவு நோயைப் படத்தில் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். நூறு நோயாளிகளின் மூளைப் படங்களையும் நோயில்லாத நூறு பேரின் படங்களையும் ஒப்பிட்டால் சராசரியில் சில வேறுபாடுகள் தெரியும். தனி ஒருவரின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று சொல்ல இன்று எவராலும் முடியாது. அப்படியே முடிந்தாலும், படம் எடுத்த நாள் வேறு, வெட்டு விழுந்த நாள் வேறு. சட்டம் கேட்பது, செயலைச் செய்த ‘அந்த நேரத்தில்’ அவர் என்ன நிலையில் இருந்தார் என்பதை.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1843-இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன் என்பவர், ஆளும் கட்சியினர் தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக நம்பி, பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். மனநோயாளி என்று அவரை விடுவித்தபோது எழுந்த எதிர்ப்பில், பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கேள்வி கேட்டு வாங்கிய விதிகளே மெக்நாட்டன் விதிகள். நம் தண்டனைச் சட்டம் 1860-இல் அந்தச் சிந்தனையைத்தான் தன் மொழியில் எழுதிக்கொண்டது. மூளையைத் திறக்காமல் பார்க்க வழியே இல்லாத காலத்து விதி அது. ஆகையால் இயல்பாகவே ஒருவர் என்ன பேசினார், என்ன செய்தார், எதை நம்பினார் என்பதைத்தான் பார்த்தது. இன்றும் அதுதான் பார்க்கப்படுகிறது, இந்த ஓர் இடத்தில் பழைய விதி சரி என்று நான் நினைக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் சாட்சி சொன்ன ஒரு வழக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தகப்பனாரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றதாக ஒரு மகன் மீது வழக்கு. அரசு வழக்கறிஞர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது, சம்பவத்துக்கு எத்தனை நாள் கழித்து நீங்கள் எதிரியை (நீதிமன்ற மொழியில், குற்றம் சாட்டப்பட்டவரை) பரிசோதித்தீர்கள் என்று கேட்டார். ஐந்து மாதம் என்றேன். அப்படியானால் அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வழக்கைத் திருப்பியது என் சாட்சியம் அல்ல. இறந்தவரின் மனைவியும் எதிரியின் தாயுமான அந்த அம்மாள் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார். அதில் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு இரண்டு, நான்காக மடித்து, மடிப்புக் கிழிந்து, பின்புறம் சோற்றுப் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருந்தன. பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்று, மூன்றுதான் பிரிந்திருந்தது. மனநோயாளிகளை அழைத்துவந்து தங்கும் குணசீலம் கோயிலில் மகனோடு ஒரு மண்டலம் தங்கப் போய்ப் பாதியில் திரும்பியதைக் காட்டும் பேருந்துச் சீட்டுகளைக்கூட அவர் எறியவில்லை. இரண்டாவது ஓ.பி. சீட்டில், தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது, தகப்பனார் மேல் சந்தேகம் என்று பணியிலிருந்த மருத்துவர் கிறுக்கியிருந்தார். மேலே நீல மையில் தேதி முத்திரை: கொலைக்கு 19 நாள் முன்பு. நீதிபதி அந்தச் சீட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பெட் ஸ்கேனுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை உங்கள் கட்சிக்காரரின் ஊருக்குப் போவதில் செலவிடுங்கள். கடந்த ஓராண்டில் எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கோயிலுக்கு, எந்த மந்திரிப்பவரிடம் அழைத்துப் போனார்கள், நடவு வேலைக்குக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார்கள், வெட்டிய பிறகு ஓடினாரா, அரிவாளை ஒளித்தாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா என்றெல்லாம் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். மனைவியைக் கொன்ற மகாராஷ்டிரக் காவலர் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2002-இல் அவரை விடுவித்தபோது முன்பே நடந்த சிகிச்சை, குடும்பத்தில் மனநோய், சம்பவத்துக்குப் பின் தொடர்ந்த சிகிச்சை, ஓடி ஒளிய முயலாதது ஆகியவற்றைத்தான் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நிரூபிக்கும் பாரம் எதிரிமேல் இருந்தாலும், உரிமையியல் வழக்கில் போல ‘இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும் என்பதை 1964-ஆம் ஆண்டு தாயாபாய் வழக்குத் தீர்ப்பு தெளிவாக்கியிருக்கிறது.

இன்னொன்றையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தக் காரணத்தால் விடுதலை கிடைத்தாலும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட முடியாது. செயலைச் செய்தவர் இவர்தான் என்று பதிவு செய்துவிட்டு, நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பில் வைக்கச் சொல்லும், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். 1794-இல் தொடங்கிய அந்த இடத்தில் நோய் தணிந்த பின்னும், அழைத்துப்போக ஆள் வராமல் வருடக்கணக்கில் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தகப்பனாரைக் கொன்ற அந்த மகனை மூன்று வருடம் கழித்து அழைத்துப்போக வந்தவர், மஞ்சள் பையோடு அதே அம்மாள்.

கேள்வி: கன்று தானாக ஓடிவந்து தேர்ச்சக்கரத்தில் விழுந்தது, இளவரசன் கொல்ல நினைக்கவில்லை. இருந்தும் மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டான். எங்கள் ஊர்க் கல்தேரைப் பார்க்கும்போதெல்லாம் இது நியாயமா என்று யோசிப்பேன். இப்போது நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்கிறார்கள். அது உண்மையென்றால், கொல்ல நினைத்தவனைக்கூடத் தண்டிப்பது எப்படி? – வாசகர், திருவாரூர்

பதில்: மன்னன் விளைவைப் பார்த்தான், கன்றை இழந்த பசுவின் துயரத்துக்கு ஈடாகத் தன் துயரத்தை வைத்தான். இன்றைய நீதிமன்றத்தில் அந்த இளவரசனை நிறுத்தினால், தேரைக் கவனமாக ஓட்டினானா என்ற ஒரு கேள்விதான் எழும். செயலோடு மனத்தையும் சேர்த்து எடைபோடுவது என்று சட்டம் தீர்மானித்த அன்றே மூளையைப் பற்றிய அறிவுக்கும் நீதிமன்றத்தின் கதவு திறந்துவிட்டது.

நீங்கள் சொல்லும் ஆய்வு பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்டது. விரும்பும்போது விரலை அசையுங்கள், அசைக்க வேண்டும் என்று தோன்றிய கணத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். தோன்றியதாகச் சொன்ன கணம் அசைவுக்குச் சுமார் 0.2 நொடி முன்னதாக இருந்தது. மூளையின் மின்மாற்றமோ 0.55 நொடி முன்பே தொடங்கிவிட்டிருந்தது. 2008-இல் ஜெர்மனியில், மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கொண்டு செய்த ஆய்வில், இடப் பொத்தானா வலப் பொத்தானா என்பதை 10 நொடி வரை முன்னதாகவே ஊகிக்க முடிந்தது. ஆனால் சுமார் 60 சதவீதம்தான் சரியாக இருந்தது. காசைச் சுண்டினாலே 50 சதவீதம் சரியாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். காரணமில்லாமல் விரலை அசைப்பதும், வரப்புத் தகராறில் மூன்று மாதம் கறுவிக்கொண்டிருந்து, அரிவாளைத் தீட்டி, எதிராளி தனியாக வரும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு செய்வதும் ஒன்றல்ல. பின்னதில் மனம் மாற எத்தனையோ இரவுகள் இருந்தன. அந்த இரவுகளைப் பற்றி லிபெட்டின் கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாச் செயலுக்கும் மூளையில் காரணம் உண்டு. தர்மம் செய்வதற்கும் உண்டு. காரணம் இருக்கிறது என்பதாலேயே பொறுப்புப் போய்விடாது. குறிப்பிட்ட இந்தக் காரணம் அறியும் திறனையோ அடக்கும் திறனையோ பறித்ததா என்பதுதான் கேள்வி. இரண்டு அமெரிக்க நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சார்லஸ் விட்மன் என்ற முன்னாள் ராணுவ வீரர் 1966-இல் தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிப் பலரைச் சுட்டார். தன் மூளையைப் பரிசோதிக்கும்படி எழுதி வைத்திருந்தார். போலீஸார் சுட்டு அவர் இறந்த பின் பரிசோதித்தபோது கட்டி இருந்தது. ஆனாலும் அந்தக் கட்டிதான் காரணமா என்பதை ஆராய்ந்த குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விர்ஜீனியாவைச் சேர்ந்த 40 வயது ஆசிரியர் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் 2003-இல் எழுதியது வேறு மாதிரி. முன்பு இல்லாத வக்கிர இச்சை குழந்தைகள்மேல் திடீரென்று தலைதூக்கி, தண்டனை அறிவிக்கப்படவிருந்த நேரத்தில் கடும் தலைவலியோடு மருத்துவமனைக்கு வந்தார். கண்குழிக்கு மேலே மூளையின் முன்பகுதியான முன்மடலில் பெரிய கட்டி இருந்தது. எடுத்தவுடன் இச்சை அடங்கியது. பல மாதம் கழித்து இச்சை திரும்பியபோது பார்த்தால் கட்டியும் மறுபடி வளர்ந்திருந்தது. மீண்டும் எடுத்ததும் மீண்டும் அடங்கியது. சேர்ந்து வந்து சேர்ந்து போனதால்தான் அந்தக் காரணத்தை நம்ப முடிகிறது. விட்மனுக்கு அந்தச் சோதனை நடக்க வழியில்லாமல் போயிற்று. ஸ்கேனில் புள்ளி ஒன்று தெரிந்தவுடன் இதுதான் என்று கைகாட்டும் நிபுணர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

தண்டனையின் அளவில் மட்டும் இந்த அறிவு இப்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 181 நீதிபதிகளிடம் ஒரே கற்பனை வழக்கைக் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் எதிரியின் மூளை சார்ந்த விளக்கத்தையும் சேர்த்துத் தந்தபோது, சராசரித் தண்டனை 13.93 ஆண்டிலிருந்து 12.83 ஆகக் குறைந்ததாக 2012-இல் ஆய்வு வந்தது. ஓராண்டுக் குறைவு என்பது சிறையிலிருப்பவருக்குப் பெரிது. ஆனால் மூளையே இப்படித்தான் என்றால் இவர் திருந்தவே மாட்டார், வெளியே விடக் கூடாது என்று வாதிட்டு அதே விளக்கத்தை எதிர்ப்புறமும் திருப்பலாம்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அடிதடியில் கத்தி எடுக்கும் அளவுக்குப் போகிறார்கள். பெரியவர்களைப் போலவே தண்டித்தால்தானே பயம் வரும்? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: உங்கள் வகுப்பறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, கத்தி எடுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உங்களைவிடத் தெளிவாகச் சொல்வான். நான்கு கூட்டாளிகள் சூழ நிற்கும்போது அந்தத் தெளிவு அவனிடம் நிற்பதில்லை. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் விளையாட்டில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது சிறுவர்கள் எடுத்த ஆபத்து மிகவும் அதிகரித்தது. வயதில் மூத்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. பரிசுக்கும் பாராட்டுக்கும் துள்ளும் பகுதிகள் முதலில் முதிர்ந்துவிடுகின்றன. கடிவாளம் பிடிக்கும் முன்மடல் இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் பதினெட்டு வயதுக்குக் கீழ் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தபோது, இத்தகைய ஆய்வுகளும் முன்வைக்கப்பட்டன. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் கொடுங்குற்றம் செய்ததாகக் கருதப்படும் பிள்ளையின் மன, உடல் திறனையும், விளைவை உணரும் ஆற்றலையும், சூழ்நிலையையும் முதலில் மதிப்பிடச் சொல்கிறது. இது மிக நுட்பமான பணி, உளவியல் அறிந்தவர்களின் உதவியோடு செய்ய வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் வலியுறுத்தியது. இந்த மதிப்பீட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அமைதியான அறையில் ஒரு மணி நேரம் பேசி எழுதும் அறிக்கை, கூட்டாளிகள் நடுவே கொதித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள்: அந்த வயதில் பத்தாண்டுச் சிறை என்பது தொலைதூரத்துச் செய்தி, நாளைக் காலை ஆசிரியை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசுவார் என்பதுதான் அவனை உறுத்தும்.

கேள்வி: போதையில் செய்தது நினைவே இல்லை என்கிறார் என் மைத்துனர். நினைவில்லாமல் செய்ததற்கு எப்படிப் பொறுப்பாவார்? – வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: நினைவில் பதியாதது வேறு, செய்யும்போது தெரியாதது வேறு. அளவுக்கு மீறிக் குடித்தால் மூளையில் நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் வேலையை நிறுத்திவிடும். ஆனால் அதே நேரத்தில் ஆள் பேசுவார், வண்டி ஓட்டுவார், பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்குவார். தானே விரும்பிக் குடித்தவருக்குச் சட்டம் சலுகை தருவதில்லை. அவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு எதிராகவோ புகட்டியிருந்தால்தான் விலக்கு. கல்யாணப் பந்தியில் இடம் விட்டு நகராத ஒரு சிறுவனைப் போதையில் சுட்டுக் கொன்ற ஓய்வுபெற்ற ராணுவத்தாரின் கொலைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1956-இலேயே உறுதிசெய்தது. நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை மட்டும் வேறு. அது நோய்; அப்போது 22-ஆவது பிரிவைப் பற்றிப் பேச இடமுண்டு.

கேள்வி: விசாரணைக்கு அழைத்த என் தம்பியிடம், மூளையில் மின்முனை வைத்து உண்மையைக் கண்டுபிடித்துவிடுவோம் என்கிறார்களாம். மறுக்க முடியுமா? – வாசகி, வேதாரண்யம்

பதில்: முடியும். மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் நார்கோ, பொய்யைக் கண்டறிய முயலும் பாலிகிராஃப், மூளை மின்னலைச் சோதனை எதையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவுதான் அதற்கு அடிப்படை. விரும்பிச் சம்மதித்தாலும் சோதனை முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது. அதற்கு இரண்டாண்டு முன்புதான் புணேயில் ஒரு கொலை வழக்கில் இத்தகைய மூளைச் சோதனையையும் ஆதாரமாகக் குறிப்பிட்டு ஆயுள் தண்டனை விதித்திருந்தார்கள். ஒரு செயலைச் செய்த நினைவையும், அதைப் பற்றிக் கேட்டும் படித்தும் கற்பனை செய்தும் உண்டான நினைவையும் மூளை அலையில் ஐயமறப் பிரித்துக் காட்ட நம்பத்தக்க முறை இன்றுவரை இல்லை. உங்கள் தம்பியை வழக்கறிஞர் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். ஐந்து நாளாகத் தூக்கமே இல்லை. ‘இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள்’ என்கிறாள். நேற்றுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கிணற்றடியில் நின்றாள். பேய் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் அவளைத்தானே பிடிக்கும்? – வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இந்தக் கடிதம் கிடைத்த உடனே, அதிலிருந்த எண்ணில் பேசிவிட்டேன். தங்கை இப்போது மருத்துவமனையில் இருக்கிறார்; குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. இதே நிலையில் இன்னொரு வீடு இருக்கக்கூடும் என்பதால் எழுதியவரின் அனுமதியோடு அச்சிடுகிறேன்.

இது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். ஹார்மோன்கள் திடீரென்று சரிவதும், தூக்கம் கெடுவதும், மிகை உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய்க்கான பரம்பரைச் சாய்வும் சேர்ந்து தூண்டுவதாகக் கருதுகிறோம். இதைக் காட்டும் ஸ்கேன் எதுவும் இல்லை; தூங்காத இரவுகளையும் அவள் சொன்ன சொற்களையும் கொண்டுதான் கண்டுபிடிக்கிறோம். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.

இங்கிலாந்து 1922-இலேயே, பிரசவத்தின் பாதிப்பால் மனம் நிலைகுலைந்து தாய் தன் சிசுவைக் கொன்றால் அதைக் கொலையாகக் கருதாமல் குறைந்த குற்றமாகக் கருத வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றியது. நமக்கு அப்படி ஒன்று இல்லை. துன்பம் தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 1989-இல் அந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே வைத்து, திடீர்ச் சினமூட்டலைப் போல நீடித்துத் தொடரும் சினமூட்டலும் குற்றத்தைக் குறைத்துப் பார்க்கக் காரணமாகலாம் என்றது. மனிதநேயமுள்ள தீர்ப்பு அது. ஆனால் கொடுமையால் விரக்தியடைந்த தாயும், குழந்தையே தன்னுடையதல்ல என்று நோயால் நம்பும் தாயும் இருவேறு நிலையில் இருப்பவர்கள். இரண்டாமவருக்கு 22-ஆவது பிரிவே பொருந்தக்கூடும். அதைக் கண்டு சொல்லும் மருத்துவர் வழக்கில் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தாய் ஜாமீனுக்கே மாதக்கணக்கில் காத்திருக்கும்போதுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள், அதற்குள் நோய் தணிந்து, செய்தது புரிந்து, அவள் பேசுவதையே நிறுத்தியிருப்பாள்.

இதே நிலையில் உள்ள வீட்டார் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். கோயிலுக்குப் பிறகு போகலாம். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல், தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது பக்கமோ அங்கே அன்றைக்கே அழைத்துப் போங்கள். வண்டி வரும் வரை 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசலாம். அங்கே தரும் சீட்டில் தேதி முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். மறுபடி கருவுற்றால் முதல் மாதத்திலேயே அந்தச் சீட்டை மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.